எட்டுத் துளைகளில் பஞ்சு

சென்ற செவ்வாய்க்கிழமை ஓர் அமெரிக்கக் காருக்குள் அமர்ந்தேன். அமர்ந்ததும் மூன்று முறை தும்மினேன்.

அந்தக் காருக்குள் யார் அமர்ந்தாலும் மூன்று தும்மல் உறுதி. தூத்துக்குடியில் ஒரு கிடங்கில், மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு அடியில் அது பல்லாண்டுகள் படுத்துக் கிடந்தது. நாகலாபுரத்திலிருந்து வற்றல் லோடு இறக்கப் போன என் தாய்மாமா செல்லையா, மூட்டை சரிந்த இடத்தில் ஒரு வட்ட விளக்கைக் கண்டார். வற்றலை இறக்கினார்... காரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்!

இரண்டே கதவுகள். நீண்டு விரிந்த முகப்பு. அதன் அடியில், இந்தப் பக்கம் நான்கும் அந்தப் பக்கம் நான்குமாக எட்டு சிலிண்டர்கள். அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் வேகத்துக்கென்றே வாங்கிய வகை. ‘மஸில் கார்’ என்பார்கள். கரிசல் காட்டில் அதற்கு என்ன வேலை?

‘ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று பொறுப்பேற்றவன் இசக்கிமுத்து. கோவில்பட்டியில், ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு அடுத்த சுவர் அவனுடைய டிராக்டர் பட்டறை. என் பள்ளித் தோழன். ஒருமுறை பேச்சுப் போட்டியில் இருவரும் மேடையேறினோம். அவன் “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” என்றான். பிறகு மூன்று நிமிடம் அசையாமல் நின்றான். மணி அடித்ததும் இறங்கிவிட்டான்.

கோப்பை எனக்கு. அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை. மேடையில் என்னை மறித்தவர்கள் உண்டு. மடக்கியவர்கள் மிகக் குறைவு.

ஆனால், பேச வராத அவன் ஏழே மாதங்களில் செய்ததைக் கேளுங்கள். துருப்பிடித்த தரைத் தகட்டை அறுத்தெறிந்து புதிதாகப் பொருத்தினான். வண்டித்தடத்தில் வயிறு தட்டாமலிருக்க, டிராக்டர் டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துக் காரை உயர்த்தினான். நம் வெயிலுக்கென்று பெரிய ரேடியேட்டர் வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுவந்துவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

“இடப்பக்கம் இருந்துக்கிட்டு லாரிய முந்தணும்னா, பக்கத்து சீட்டு ஆளுதான் எட்டிப் பாத்துச் சொல்லணும். செல்லையா அண்ணாச்சி பக்கத்துல மதினில்லா இருப்பாவ? அவிய என்னைக்கு ‘போங்க’ன்னு சொல்லியிருக்காவ?”

பழையதைப் பழையபடியே நிறுத்தி வைப்பது பாதுகாப்பு. அது வந்து சேர்ந்த மண்ணில் அதை ஓட வைப்பது... மரியாதை. இந்த வேறுபாட்டை எந்த மேடையிலும் நான் கற்கவில்லை. அந்தப் பட்டறையில் கற்றேன்.

எல்லாம் சரி. எஞ்சின் மட்டும் இரண்டு மாதமாக இணங்கவில்லை. சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாக வேட்டுச் சத்தம்! மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குரல் கொடுப்பார்கள். “ஏலே இசக்கி, வெடி போட லைசென்சு வாங்கிட்டியா?”

மாமாவின் பொறுமை தீர்ந்தது. வெள்ளிக்கிழமை கேஸ் கட்டிங் ஆள் வருவார். எஞ்சின் அமர்ந்திருக்கும் தாங்கிகளை அறுப்பார். எட்டு சிலிண்டர்களும் இரும்புக் கடைக்குப் போகும். பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சின் உள்ளே ஏறும். அறுத்துவிட்டால் அறுத்ததுதான்.

“மருமவனே, நான் சொன்னா மொறைக்கான். நீ பேசி மசிய வச்சிரு” என்றார் தொலைபேசியில்.

பேசி மசிய வைப்பதா? அதுதானே என் துறை! ‘மாற்றமே வாழ்வு’ என்று மூன்று எடுத்துக்காட்டுகளோடு உரை தயாரித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனேன். காருக்குள் அமர்ந்தேன். தும்மல்களை முடித்துக்கொண்டு, கம்பீரமாகத் தொடங்கினேன்.

“இசக்கி, கம்பும் சோளமும் வெளஞ்ச கரிசல்ல இன்னைக்கு மக்காச்சோளம் வெளையலையா?”

“வெளையுது. கூடவே படைப்புழுவும் வெளையுது. எறங்கி வந்து இந்த ஸ்பேனரப் புடி.”

முதல் எடுத்துக்காட்டு முடிந்தது.

ஸ்பேனரைப் பிடித்தபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். “இத அறுத்துட்டா, டிராக்டருக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிலே” என்றான். மற்ற இரண்டு எடுத்துக்காட்டுகளும் எனக்கு மறந்துபோயின.

தீப்பொறி தரும் எட்டு பிளக்குகளையும் கழற்றி வைத்திருந்தான். மடியிலிருந்து கொட்டை நீக்கிய பஞ்சை எடுத்தான். சிறு சிறு உருண்டையாக்கி எட்டுத் துளைகளிலும் லேசாகச் செருகினான். “நீ எழுதிக் குடுத்த பேப்பரு அங்கன கெடக்கட்டும். இன்னைக்கு எஞ்சின்ட்டயே கேப்போம்.”

அந்தக் காகிதம் என் கைவண்ணம். எஞ்சினைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இரண்டு மாதம் முன்பு அவனுக்காகத் தமிழில் எழுதித் தந்திருந்தேன். எந்த சிலிண்டரை அடுத்து எது வெடிக்க வேண்டும். ஒன்று முதல் நான்கு வரை பயணியின் பக்கம், ஐந்து முதல் எட்டு வரை ஓட்டுநரின் பக்கம் — ஒரு புள்ளி பிசகாத தமிழ்! அதன்படியே அவன் எஞ்சின்மேல் சாக்பீஸால் எண் போட்டு ஒயர்களை மாட்டியிருந்தான்.

ஸ்பேனரால் எஞ்சினை நான் மெல்லச் சுற்ற வேண்டும். எந்த சிலிண்டர் காற்றை இறுக்குகிறதோ, அதன் பஞ்சு துள்ளி வெளியே விழும். அதுதான் வெடிக்க வேண்டிய முறை. புத்தகம் வேண்டாம், கருவி வேண்டாம்... நம் காட்டுப் பஞ்சு போதும்!

“மொதல்ல ஒண்ணாம் நம்பர் துள்ளணும்” என்றான். சுற்றினேன்.

டப்!

துள்ளியது ஐந்து. அடுத்து ஐந்து துள்ள வேண்டும், ஒன்று துள்ளியது. நான்கு துள்ள வேண்டிய இடத்தில் எட்டு. பஞ்சு ஒவ்வொன்றும் எதிர் வரிசையிலிருந்தே குதித்தது.

இசக்கி எஞ்சினைப் பார்த்தான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் அது முன்பு இருந்த ஓட்டையை அடைத்த தகடு, பெயின்ட் கூட அடிக்காமல், என்னையே பார்த்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவரின் நாட்டில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்பவர். நான் தமிழில் எழுதுவதற்கு முன்பே இசக்கி அந்த ஓட்டுநரை வலப்பக்கம் மாற்றி உட்கார வைத்துவிட்டான். எஞ்சினோ இடம் மாறவில்லை; ‘ஓட்டுநரின் பக்கம்’ என்ற என் சொல்தான் பக்கம் மாறிவிட்டது!

“இசக்கி... தப்பு என்னுது” என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன்.

கேட்டதும் ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். “ஏலே, ரெண்டு மாசமா அந்த ஆபீஸ்காரிய என்னைய வஞ்ச வசவு அம்புட்டும் ஒனக்கு வரவேண்டியதுலே!” சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது. “ஸ்டியரிங்க மாத்துனவன் நான்தான? எனக்கும் ஒறைக்கல பாரு.”

ஒயர்களை மாற்றினான். பிளக்குகளைப் பூட்டினான். சாவியைத் திருப்பினான்.

ஒரு செருமல். அடுத்து... எட்டும் சேர்ந்து எழுந்தன. தகரத் தட்டில் கிடந்த ஸ்பேனர்கள் நடுங்கின. சீட்டின் இடுக்குகளிலிருந்து மிளகாய்த் தூசி எழும்பியது. மதிலுக்கு மேலே நான்கைந்து தலைகள். “என்னலே இசக்கி, இன்னைக்கு வெடிக்கவே இல்ல?”

மூன்று நிமிடம் அதை ஓடவிட்டான். இம்முறை பேச்சில்லாமல் நின்றவன் நான்.

பட்டிமன்றத்தில் ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்பதே முதல் கேள்வி. எங்கே அமர்ந்துகொண்டு பக்கம் பிரிக்கிறோம் என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. சொல் பிழையின்றி இருந்தால் போதும் என்று நான் நிமிர்ந்து நடந்தேன். அவனோ, எழுதியதை ஒதுக்கிவைத்து எஞ்சினிடமே கேட்டான்... அது காட்டியதை ஏற்றுக்கொண்டான். அந்தப் பணிவுக்குக் கோப்பை கொடுக்கும் போட்டி எங்கேனும் உண்டா?

வெள்ளிக்கிழமை, சொன்னபடியே கேஸ் கட்டிங் ஆள் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்தார். வெட்ட வந்தவரை மாமா அதே காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் விட்டுவந்தார் — ஏறியதும் மூன்று தும்மல் போட்டாராம்!