பப்பில் போட்ட குலவை

மெல்போர்னில் ஒரு பப்பின் பின்முற்றத்தில், பட்டப்பகலிலேயே பாட்டுக் கச்சேரி. மகன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறான். அவனோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சுகந்தி எனக்குத் துணையாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேடையில் தொப்பிக்காரன் ஒருவன் கிதார் வாசித்துப் பாடுகிறான். ஒருத்தி பிடில் இழுக்கிறாள். பின்னால் ஒருவன் டிரம்ஸைத் தப்பு மேளம் மாதிரி வெளுக்கிறான். நாட்டுப்பாட்டா, டிஸ்கோவா என்று பிரிக்க முடியவில்லை. எல்லார் காலும் தாளம் போடுகிறது.

"இப்படித் துள்ளுதே, கல்யாணப் பாட்டுதானே? பாடுற மாப்பிள்ளைக்கு ஏன்டி மூஞ்சி இப்படித் தொங்குது? பொண்ணு பிடிக்கலையா?" என்கிறேன். பாட்டு உச்சத்துக்குப் போனதும், எங்கள் மதுரைப் பக்கத்து வழக்கப்படி நாக்கைச் சுழற்றிப் பெரிய குலவையாகப் போடுகிறேன்.

சுகந்தி என் கையைப் பிடிக்கிறாள். "ஐயோ அன்ரி, அது செத்துப்போன தங்கச்சிக்கு அவர் எழுதின பாட்டு!"

நான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். பாட்டை முடித்துவிட்டுத் தொப்பிக்காரன் நேரே என்னிடம் வந்து ஏதோ கேட்கிறான். கண் சிவந்திருக்கிறது.

"உங்கட ஊரில செத்தவைக்கு இப்பிடித்தான் சத்தம் போடுறதோ எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?"

கல்யாணத்துக்குப் போடுவது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமான்னு சொல்லிடும்மா."

அவன் மைக்கை என் முன்னால் நீட்டுகிறான்.

"அவளுக்காக இன்னொருக்காப் போடுவீங்களோ எண்டு கேக்கிறார்."

கூட்டமே என் பக்கம் திரும்புகிறது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். துக்கம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, அவன் என் முதுகைத் தடவித் தேற்றுகிறான்.