அப்பா வெட்டிய பங்கரும் உபதேசியாரின் பரலோகமும்

உபதேசியார் போய்விட்டாராம். காலையில் கொக்குவிலிலிருந்து தங்கச்சி ஃபோன் பண்ணிச் சொன்னாள். தொண்ணூற்றொரு வயது.

ஃபேஸ்புக்கைத் திறந்தால் அதற்குள் ஊரே அழுது முடித்துவிட்டது. "தேவதூதர்கள் வரவேற்கிறார்கள்"... "அந்தப் பொற்காலம் இனி வருமா"...

பொற்காலத்துக்கு ஏங்கிப் பதிவு போட்டவர் எண்பத்தேழாம் ஆண்டிலேயே கனடாவுக்குப் போனவர். சண்டைக் காலத்து ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோ ரேடியோவும் அவருக்கு இப்போது இனிக்கின்றன. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

சரி, நானும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... மானிப்பாய்ப் பக்கம் எங்கள் சின்ன ஆலயத்தில் பிரசங்கம் செய்தவர். நல்ல குரல், மறுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பரலோகம்தான். பொன் வீதி, முத்து வாசல்... போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரிச் சொல்வார். "இந்த உலகம் எங்கடை வீடு இல்லைப் பிள்ளையள்!"

ஆனால் ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள், அதுதான் பதுங்கு குழிக்குள், முதலில் குதிப்பவர் அவர்தான். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளிலேயே உறுதியான பங்கர் அவருடையது. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் ஆலயத்தில் நாங்கள் உட்காரும் வாங்குகள் நான்கு, அதற்கு மேல் மண் மூட்டை. நாங்கள் ஆலயத்தில் பாய் விரித்து இருந்து ஜெபித்தோம்.

அந்தப் பங்கரை வெட்டியது என் அப்பா. நெற்றி நிறையத் திருநீறு பூசும் தோட்டக்காரர். வீட்டில் அம்மாதான் கிறிஸ்தவர். ஞாயிறுகளில் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை அப்பா வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வா என்று ஒருநாளும் உபதேசியார் கூப்பிட்டதில்லை. பங்கர் வெட்டத்தான் கூப்பிட்டார். மூன்று நாள் அலவாங்கோடு நின்று சுண்ணாம்புக் கல்லை உடைத்தார் அப்பா.

தொண்ணூறில் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன அப்பா திரும்பி வரவில்லை. வழியில் பொம்பர் போட்ட குண்டு...

அப்பா போன மூன்றாம் வாரம், அதே பங்கருக்குள் அம்மா கேட்டார். "ஐயா, நான் அங்கை போனால் இவரைக் காண்பன்தானே?"

மனிதர் யோசிக்கக்கூட இல்லை. "ஞானஸ்நானம் எடுக்கேல்லையே பிள்ளை. திருநீறோடை போனவருக்கு அங்கை இடமில்லை."

சொல்லிவிட்டு, அப்பா வெட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து வசதியாக இருந்தார்.

எனக்குப் பதினாறு வயது. அன்றைக்குப் பிடித்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கமெண்டில் கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள்.

காலையில் தங்கச்சியிடம், ஃபோனை அம்மாவிடம் கொடு என்றேன். எண்பத்துமூன்று வயது. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்... நான் சந்தோசப்பட்டேன்.

"பாவம் அந்த மனுசன்" என்றார் அம்மா.

"என்னம்மா பாவம்?"

"அங்கை வாசல்லையே உன்ரை அப்பாவைக் கண்டிருப்பாரெல்லே. எந்த முகத்தோடை கதைக்கப்போறார்?"

முப்பது வருசத்துக்கு மேலாக அந்த ஆள் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

போய் வாருங்கள், உபதேசியார்.

அப்பா வாசலில்தான் நிற்பார், அம்மா வரும்வரை. உள்ளே போகமுதல் அவரோடு ஒரு வார்த்தை கதைத்துவிட்டுப் போங்கள்.