ஆவுடைநாயகத்தின் மூன்று முயல்கள்

ஆவுடைநாயகம் ஒரு முயலை மடியில் போட்டு, வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் கலெக்டர் வந்து நின்றாலும் நிமிரமாட்டார். முயலின் காது நரம்பில் சலைன் ஏற்றி இரண்டு மணி நேரம் ஆகிறது. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. மூன்று முயலுக்கும் சூடு ஏறாவிட்டால்தான் அவர் காய்ச்சிய பாட்டில்கள் வார்டுக்குப் போகும்.

தென்காசியில் இந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குச் சலைன் தயாரிப்பது, எழுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து அவர் வேலை. தண்ணீரை ஆவியாக்கி வடித்து, அன்றைக்கே உப்புக் கலந்து, பாட்டிலில் அடைத்து வேகவைத்துவிட வேண்டும். தாமதித்தால் ஊரையே திட்டுவார். முயல்களுக்கு மட்டும் அகத்திக்கீரையும் கொஞ்சலும். டாக்டர் கறிக்குத்தான் வளர்க்கிறார் என்று நோயாளிகள் நம்புகிறார்கள்.

குற்றாலத்தில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு இங்கே படுத்திருக்கும் நான், மூலிகை கலந்த அருவித் தண்ணீர் இருக்க இந்தப் பாடு எதற்கு என்று கேட்டுவைத்தேன். அது குளிப்பதற்கு என்றார். வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே என்றேன்.

"சாவும் சார். செத்ததோட விஷம் தண்ணியிலேயே கெடக்கும்லா. அது ரத்தத்துல போனா அரை மணி நேரத்துல குளிரு ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும்."

போன புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வடித்த தண்ணீர் விடியும்வரை பானையில், கிருமி பெருகக் கிடந்தது. சீசன் நேரம், வாந்திபேதிக் கூட்டம், கையிருப்பில் ஒரு பாட்டிலும் இல்லை. மனமில்லாமல் அந்தத் தண்ணீரிலேயே பன்னிரண்டு பாட்டில் போட்டார். அன்று மத்தியானமே கீழப்பாவூரிலிருந்து வாந்திபேதியோடு வந்து இறங்கியது அவர் மனைவி வடிவம்மாள்.

டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் பாட்டில் வர இரண்டு மணி நேரமாகும். ஆவுடைநாயகத்தின் முயல்களில் இரண்டுக்குச் சூடு ஏறியிருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சரி என்றால் வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. ஆனால் நர்ஸ் சண்முகசுந்தரி வந்து கேட்டபோது மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணுக்கு ஏறலைல்லா அண்ணாச்சி? மதினிக்குக் கண்ணு சொருகுது."

எத்தனையோ பேரின் சொந்தக்காரர்களிடம் அலட்சியமாக முடியாது என்று சொன்ன மனிதர். அன்றைக்கு அவர் சரி சொல்லிவிடமாட்டாரா என்று எனக்கே இருந்தது.

"இவ இருக்க இருப்புக்கு அந்த நடுக்கத்தைத் தாங்கமாட்டா தாயி," என்றார் ஆவுடைநாயகம்.

மனம் மாறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, பன்னிரண்டு பாட்டிலையும் திறந்து சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துவந்து, மனைவியின் தலையைத் தூக்கி ஒரு கரண்டி புகட்டினார். அது அப்படியே அவர் சட்டையில் வாந்தியாக வந்தது. சட்டையைத் துடைக்காமல் அடுத்த கரண்டியை மொண்டார்.