கழற்றி வைத்த உத்தரியம்

காலை ஆறு இருபது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே முதலில் கண்ணில் பட்டது, நர்ஸ் என்னிடம் நீட்டிய ஸ்டீல் தட்டு. அதில் அம்மாவின் வளையல்களும் உத்தரியமும் கிடந்தன. மாதா படம் தைத்த இரண்டு பழுப்புத் துணித்துண்டுகள், அவற்றை இணைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் கயிறு. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை அதில் அப்படியே இருந்தது.

அந்த உத்தரியம் முதலில் அப்பாவுடையது. தூத்துக்குடிக் கடலில் அவர் சங்கு குளித்தார். மூச்சுக்குக் காற்று வரும் ரப்பர் குழாயில் கயிறு சிக்கும் என்று, குதிக்கும் முன் உத்தரியத்தைக் கழற்றி வள்ளத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். அது தெரியவந்த அன்று அம்மா சோற்றுப்பானையைத் திறக்கவில்லை.

"கழுத்துக்குத் தந்தத ஆணியில மாட்டுனா, மாதா ஆணியையா காப்பாத்துவா?"

அப்பா சிரித்தார். "ஏளா, ஆண்டவரு கயித்தயா பாக்காரு? என்னையத்தான் பாக்காரு. நீ சோத்தப் போடு."

அடுத்த கோடையில் ஒருநாள் வள்ளம் கரைக்கு வந்தது. ஆணியில் உத்தரியம் தொங்கியது. அப்பா வரவில்லை.

அன்று அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்ட அம்மா, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. நனைந்த துணி கழுத்தில் புண்ணாக்கியபோதும் மஞ்சள் பூசிக்கொண்டாளே தவிர, கழற்றவில்லை.

இன்று நர்ஸ் கேட்டதும் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். ஸ்ட்ரெச்சர் அருகே குனிந்து, "கையிலயாவது கட்டிவிடச் சொல்லட்டுமாம்மா?" என்றேன்.

"கெடக்கட்டும்யா. ஆண்டவரு கயித்தயா பாக்காரு? என்னையத்தான் பாக்காரு."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. உத்தரியம் என் சட்டைப்பையில் இருக்கிறது.