அக்காவுக்கு வந்து சேரும் போன்கள்

புது போனின் திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை அவர் ஒரே இழுப்பில் உரித்துவிட மாட்டார். வலது மூலையை நகத்தால் சற்றே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இம்மி இம்மியாக இழுப்பார். பாதியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பக்கத்தில் தட்டில் சாப்பாடு ஆறிப் போயிருக்கும். காலிப் பெட்டியை முகர்ந்து பார்ப்பதும் உண்டு. யாரும் இல்லாதபோதுதான் முகர்வதாக அவர் நினைப்பு, வீட்டுக்கே தெரியும்.

"பொண்ணு பொறந்தப்பகூட இந்த மனுஷன் கை இப்படி நடுங்கல" என்பாள் மனைவி.

"நீ சும்மா இரு. மூச்சு பட்டா தூசி உக்காந்துரும்."

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவர். கடையில் அவருக்குப் பெயர் 'புதுசு'. வயதில் சின்னவர்களுக்குப் புதுசு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: கடைக்கு வருகிறவர்களைப் புதுசு வாங்க விடாத ஒரே ஆளும் இவர்தான். பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்ப்பார், வந்தவரின் பழைய கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "பவர் மாறவே இல்லையேம்மா. இதுக்கு என்ன கேடு? மூக்குல அழுத்துதுன்னா சொல்லுங்க, நிமித்தித் தரேன்." நிமிர்த்தி, திருகு முடுக்கி, துடைத்தும் கொடுத்து அனுப்பிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "யோவ், நீ கடையில வேலை பாக்க வந்தியா, கடைய மூட வந்தியா?"

ஊருக்குத்தான் அந்த உபதேசம். அவருக்கு வருடத்துக்கு ஒரு போன் வேண்டும். காதில் செருகுவது நாலு ஜோடி இருக்கிறது; பாட்டுக் கேட்பவரும் அல்ல. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரோடும் வம்புதும்பு கிடையாது. ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் இதுதான். அதிலும் ஒரு நேர்மை உண்டு. பழசில் என்ன கோளாறு என்று கேட்டால் கதை கட்ட மாட்டார். "கோளாறு ஒண்ணும் இல்ல. இது புதுசு" என்பார். அவ்வளவுதான் காரணம். புது போன் வந்த வாரம் முழுக்க மொட்டைமாடியிலிருந்து நிலாவைப் படம் எடுப்பார். பேசுவது என்னவோ அதே நாலு பேரோடுதான்.

அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. அவருக்குப் புது போன் வந்தால் அவருடையது மனைவிக்கு. மனைவியுடையது அவருடைய அக்காவுக்கு. அக்காவிடம் இருந்தது மேசை இழுப்பறைக்கு. மாடிப்படியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், "உங்க வரிசையில நான் நிக்க மாட்டேன்ப்பா" என்று எப்போதோ கழன்றுகொண்டாள். மனைவி வாயைத் திறந்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நான் ஒண்ணு வாங்கினா மூணு பேருக்குப் புதுசு. அத யோசிச்சியா?" இந்த ஒரு வார்த்தையில்தான் அவர் மனசாட்சி காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் ஓர் அறையும் சமையலறையுமாகத் தனியே இருந்தாள். மருந்துக் கம்பெனியில் முப்பது வருடம் மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்தவள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், அட்டையில் எந்தக் குழி காலி என்று சொல்லிவிடுவாள். சர்க்கரை நோய் கண்ணின் உள்திரையைத் தின்றுவிட்டது. ஓரத்தில் நிழல் தெரியும், நடுவில் ஒன்றும் இல்லை. இனி எந்தக் கண்ணாடியும் உதவாது என்று அவளுக்குச் சொன்னவரே புதுசுதான். அன்றைக்குக் கடைக்குப் பின்னால் போய் ஒரு மூச்சு அழுதிருக்கிறார். கூடவே வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் மசியவில்லை. "இந்த வீட்டுல எந்தச் சாமான் எங்க இருக்குன்னு எங்கையிக்குத் தெரியும்டா. உங்க வீட்டுக்கு வந்தா நானே ஒரு சாமான் ஆயிருவேன்."

ஆக, அவளுக்கும் உலகத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பொத்தான். போனின் திரைக்குக் கீழே குழிவாக இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் தம்பிக்கு மணி அடிக்கும். தம்பிதான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தார். ஈரக்கையோடும், தூக்கக் கலக்கத்திலும் அவள் விரல் அதைத் தப்பவிட்டதில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பொத்தானை விட்டால் வேறு கதி இல்லை. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சில நாள் சும்மாவே அழுத்துவாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. நீ இருக்கியான்னு பாத்தேன்."

மூன்று போன்கள் அவள் கைக்கு வந்து போயின. கனம் மாறும், ஓரங்கள் மாறும், பொத்தான் மட்டும் அதே இடத்தில் இருக்கும். நாலு நாளில் பழகிவிடுவாள். இந்த வருடம் இறங்கி வந்ததில் பொத்தானே இல்லை. மேலிருந்து கீழ்வரை வழவழவென்று கண்ணாடி. பக்கவாட்டில் ஒரு சின்ன விசை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். "வேணாம்டா. பழசே நல்லாத்தான இருக்கு? அதுக்கு என்ன கேடு?"

கடையில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் புதுசு அவர் தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். சொன்னது அக்கா. அவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் வரிசை நின்றுவிடும். வரிசை நின்றால் மனைவியிடம் இரண்டு போன் சேரும், மேல்படியில் இருக்கும் புது போன் எதற்கென்று கேள்வி வரும். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து யோசித்தார் என்று சொல்லவில்லை. யோசிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

"பழசு எப்ப வேணா மண்டையப் போட்டுரும்க்கா. இதுல பாரு, பொத்தானே வேணாம். பக்கத்துல இருக்கிறத அழுத்திப் பிடிச்சுக்க, வாயால சொல்லு, போதும்."

அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரோ பெரிய மனிதரிடம் பேசுகிற மாதிரி, "தம்பிக்கு போன் போடு" என்றாள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. "அட எமகாதகா!" என்று அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பழையதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று மாலைக்குள் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். நாலு தடவையும் சரியாக வந்தது.

புதன்கிழமை காலையில் அவள் நாற்காலியைவிட்டு எழுந்தபோது பக்கவாதம் அடித்தது. வலது காலும் வலது கையும் ஒன்றாக விழுந்தன. நாக்கும் கூடவே விழுந்தது. போன் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. விசையைத் தேடி அழுத்திப் பிடித்தாள். போன் ஒரு சின்ன ஒலி எழுப்பிவிட்டுக் காத்திருந்தது. அவள் சொன்னாள். வாயிலிருந்து வந்தது வார்த்தையாக இல்லை. போனுக்குள்ளேயிருந்து ஓர் இளம்பெண் குரல் பதில் சொன்னது: "மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்."

மறுபடியும் சொன்னாள்.

எதிர்வீட்டில் துணி தைக்கிற அம்மாள் வாசலில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் அழுதுகொண்டே சொன்னது இது: "ஒரு பொண்ணு பேசற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல, நாம எதுக்கு நடுவுலன்னு விட்டுட்டேன். மரியாதையாத்தாங்க பேசுச்சு அந்தப் பொண்ணு."

அன்று பகல் முழுவதும் புதுசு கையில் புது போன் இருந்தது. மதியம் முதலாளியைப் பிடித்து நிறுத்தி, முந்தின இரவு எடுத்த நிலாப் படத்தைக் காட்டினார். "பாருங்க முதலாளி, மேல இருக்கிற குழியெல்லாம் எண்ணலாம்." முதலாளியும் எண்ணினார். மணி ஒன்றே முக்கால் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு, அக்கா இன்று கூப்பிடவே இல்லையே என்று தோன்றி நேரே போனார். தரையில் கிடந்தவளைத் தூக்கும்போது போன் அவள் கைக்குள் சூடாக இருந்தது.

எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று மருத்துவர் கேட்டார். புதுசுக்குத் தெரியவில்லை, போனுக்குத் தெரிந்திருந்தது. உதவி கேட்ட நேரங்களையெல்லாம் அது வரிசையாகக் குறித்து வைத்திருந்தது. முதலாவது பத்து ஏழுக்கு. கடைசி மூன்று இருபதுக்கு. மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்றே முக்காலிலும் ஒன்று இருந்தது. "அப்பவே கொண்டாந்திருந்தீங்கன்னா மருந்து குடுத்து அடைப்பக் கரைச்சிருக்கலாம். இப்ப ரொம்ப லேட்டுங்க" என்றார் மருத்துவர். குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். புதுசு நடைபாதையில் நின்று அந்தப் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மனைவி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அதை அவரிடம் திருப்பித் தரவில்லை.

அக்கா இப்போது தம்பி வீட்டில், மகளின் அறையில் கிடக்கிறாள். அவள் பயந்தபடியே ஆயிற்று. பேச்சு இல்லை. நாளில் பாதி நேரம் முகம் சுவர்ப்பக்கம்தான். தலையணையைப் புரட்ட, துடைத்துவிட, கரண்டியால் ஊட்ட என்று எல்லாம் மனைவி பார்க்கிறாள். நாத்தனாரிடம் முகம் சுளித்ததில்லை. புருஷனிடம்தான் பேச்சைக் குறைத்துவிட்டாள். ஒருநாள் புதுசு இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்து மின்னேற்றி அக்காவின் இடது கையில் வைத்தார். அது என்னவென்று விரலுக்கு உடனே தெரிந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கட்டிலுக்கு வெளியே கையை நீட்டி விட்டுவிட்டாள். விழுந்து மூலை உடைந்தது.

"இனிமே எதையும் தொட மாட்டேன்" என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பன்னிரண்டு வாரம் சொன்ன சொல்லில் நின்றார். கடையில்கூடக் கவலைப்பட்டார்கள். "என்னய்யா, புதுசா ஒண்ணும் வரலையா?" என்று முதலாளி கேட்டால், "அதெல்லாம் விட்டாச்சு முதலாளி" என்று லென்ஸைச் சக்கரத்தில் வைத்துவிடுவார். இரண்டு லென்ஸ் உடைத்தார், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக. பாவம்தான். பாவம் என்று சொல்லும்போதே எனக்கு எரிச்சலும் வருகிறது.

பதின்மூன்றாம் வாரம் ஒரு பெட்டியோடு வந்தார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இல்ல. அக்காவுக்கு" என்றார் அவசரமாக. "வாட்ச்சு. கட்டியிருக்கிறவங்க கீழ விழுந்தா அதுவா கண்டுபிடிச்சு அதுவா கூப்பிட்டுரும். பேச வேணாம், அழுத்த வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பத்தான் வந்திருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"விழணும்னா மொதல்ல எந்திரிச்சு நிக்கணும்ங்க" என்றாள்.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். பிற்பகல் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, கையக் குடு" என்று இடது கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் பிறகு கட்டிலைச் சுற்றி வந்து வலது கையை எடுத்தார். அந்தக் கையை அவளால் இழுத்துக்கொள்ள முடியாது. பட்டையைச் சுற்றி, ஒவ்வொரு துளையாகப் பார்த்து, இறுகாமலும் தளராமலும் பூட்டினார். லென்ஸ் பொருத்துகிற விரல்கள், கச்சிதமாக உட்கார்ந்தது.

கையைத் தூக்கினால் தானாக ஒளிர்கிற வகை அது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து அவர் மெல்லத் தூக்கினார். முகப்பில் எண்கள் பளிச்சென்று எரிந்தன. கீழே வைத்தார். அணைந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார்; மனைவி அங்கே இல்லை. மறுபடியும் அந்தக் கையைத் தூக்கினார்.