ஸ்டேஷனுக்கு வந்த பஸ்

எங்கள் ஊருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. பலகையில் ஊர்ப்பெயர் மஞ்சளில் கறுப்பாகப் பளிச்சென்று இருக்கும். ஊர் மட்டும் அங்கே இருக்காது. இரண்டுக்கும் நடுவே சோளக்காடும் தறிக்கொட்டகைகளும் ஒரு வறண்ட பள்ளமும் கிடந்தன. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் காலை பாசஞ்சரைப் பிடிக்க அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நானும் அந்த நடைக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். முன்னால் போகிறவர் கோயம்புத்தூரில் ஒரு பேங்கில் கிளார்க், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் பேங்க் அண்ணன். ரயில் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பேப்பரை முழுசாக விரித்துப் படித்துக்கொண்டே போவதுதான் மரியாதையான பயணம் என்பார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இப்படியே போனால் ரயிலை நிறுத்தாமல் ஓட்டிவிடுவார்கள் என்று பயந்தார்.

"நடக்கறதுக்குச் சலிச்சுட்டுத்தானுங்க சனம் வாரதில்ல. ஊருக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸு மட்டும் ஸ்டேஷனுக்கு வந்துதுன்னா அத்தன பேரும் வந்துருவாங்க" என்றார்.

ஊரில் ஒரே ஒரு தனியார் டவுன் பஸ் சூலூர் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதலாளிக்குத் தோட்டம், தறி எல்லாம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, இளநீர் வந்தது. பேங்க் அண்ணன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாமுங்க" என்றார் முதலாளி. எங்கள் பக்கத்தில் இதற்குச் சரி என்றும் பொருள், முடியாது என்றும் பொருள். எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ள இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் முறுக்குச் சாப்பிட வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் தயங்கிக்கொண்டே சொன்னார். "ஸ்டேஷனோட திரும்பினா டீசலுக்கே கட்டாதுங்க. ஸ்டேஷன் வழியா காந்திபுரம் வரைக்கும் பர்மிட் வாங்கிருக்கறனுங்க. உங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லீங்களே?"

"எங்களுக்கென்னங்க இடைஞ்சல்? நாங்க ஸ்டேஷன்ல எறங்கிக்கறோம். அப்பறம் அது எங்கயோ போகட்டுமுங்க" என்றார் பேங்க் அண்ணன்.

முதல் நாள் பஸ் வாழைக்கன்றும் மாலையுமாக வந்தது. ஸ்டேஷன் வாசலில் பேங்க் அண்ணன் தன் கையால் தேங்காய் உடைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர்கூட வெளியே வந்து சந்தனம் பூசிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் இறங்கிக்கொள்ள, பஸ் காலியாகக் காந்திபுரம் போனது. கண்டக்டர் முகம்தான் கொஞ்சம் வாடியிருந்தது.

இரண்டு மூன்று வாரம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மழை நாளில், ரயில் எப்போது வரும் என்று தெரியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் ஒதுங்க ஒரு வேப்பமரம்தான் உண்டு. நாங்கள் பஸ் படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, எறங்கித்தான் ஆவோணுங்களா? வண்டியும் கோயமுத்தூருதானுங்களே போவுது?"

அன்றைக்குப் பாதிப் பேர் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு மழை தேவைப்படவில்லை. பஸ் என்னை அவிநாசி ரோட்டில் கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே இறக்கிவிட்டது. ரயிலில் போனால் பீளமேடு ஸ்டேஷனிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். நானும் உட்கார்ந்துகொண்டேன். ஆறு மாதத்தில் ஸ்டேஷனில் இறங்குகிறவர் பேங்க் அண்ணன் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வாரனுங்க" என்று பஸ் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்குவார்.

இப்போது பஸ்ஸில் முணுமுணுப்பு தொடங்கியது. மெயின் ரோட்டை விட்டு ஸ்டேஷனுக்குள் போய் வளைந்து வர நேரமாகிறது, ஆபீசுக்குத் தாமதமாகிறது. "ஒருத்தருக்கோசரம் இம்புட்டுச் சுத்துங்களா?" என்று முன்சீட்டில் ஒரு நர்ஸம்மா கேட்டார். முதல் நாள் தேங்காய்ச் சில்லைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டவர் அவர்.

ஒரு ஞாயிறு காலை பஸ் முதலாளி பேங்க் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அண்ணனின் மனைவி முறுக்குத் தட்டு எடுத்துவர என்னைக் கூப்பிட்டதால் நானும் அங்கே இருந்தேன். முதலாளி காப்பியைக் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, நூல் விலையைப் பற்றிப் பேசி, அதன்பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க கேட்டு வுட்ட வண்டிங்க. உங்குளுக்குச் சங்கடமுன்னா வேண்டாமுங்க. சனம்தான் நேரா போனாத் தேவலைங்கறாங்க."

பேங்க் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "நேராவே போகட்டுமுங்க. சனத்துக்குத்தானுங்களே வண்டி" என்றார். முதலாளியை வாசல்வரை போய் வழியனுப்பினார். உள்ளே வந்ததும் மனைவியிடம், "அவருக்கு இன்னுமொரு முறுக்கு வெச்சிருக்கலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து பஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. பேங்க் அண்ணன் ஒரு பழைய மொபெட் வாங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ரயிலில் போனார். கொஞ்ச காலத்தில் அங்கே மாஸ்டரை எடுத்துவிட்டு, டிக்கெட் கிழித்துக்கொடுக்க ஓர் ஏஜெண்டைப் போட்டார்கள். ரயில் மட்டும் எப்படியோ நின்றுகொண்டிருந்தது.

ஒரு காலை நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பேங்க் அண்ணன் மொபெட்டை நிறுத்தினார். தனியாகப் போக அலுப்பாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்ல அம்மணி. இப்பத்தான் கால நீட்டி உக்கார முடியுது. பேப்பர எப்படி விரிச்சாலும் ஏன்னு கேக்க ஆளில்ல" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அவர் போன பிறகு பஸ் வந்தது. பீளமேடு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றுகொண்டே போனேன்.