பெயர் நீக்கிய ரத்தம்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு. அந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா வந்தபோது என் இரண்டாவது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

மூத்த மகளுக்கு வெயில் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் தோல் கொப்புளித்து, கறுப்புப் புள்ளியாக நிற்கும். லயத்தில் சாமிக் குற்றம் என்றார்கள். டாக்டரம்மாதான் விளங்கும்படி சொன்னார். வெயில் எல்லோருடைய மரபணுவையும் கொஞ்சம் கெடுக்குமாம், உடம்பே அதைத் திருத்திக்கொள்ளுமாம். மகளுக்கு அந்தத் திருத்தும் வேலை நடக்கவில்லை. மாமன் மகனைக் கட்டுவது எங்களில் முறை, நானும் அப்படித்தான். ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கலாம் என்றார். அந்த மரபணு இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்க வந்திருந்தார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

"கைப்புள்ளைக்கும் இது இருக்காங்க, டாக்டரம்மா?"

"பிள்ளையின்ர ரத்தத்தையும் எடுப்பம். முடிவை நான் கட்டாயம் சொல்லுவன், யோசிக்காதேங்கோ. நீங்கள் எங்கட சனமெல்லோ."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஆமி செக்பாயிண்டில் பஸ்ஸை நிறுத்தினால் எல்லாத் தமிழரையும் ஒன்றாகத்தான் இறக்குவார்கள். மற்றபடி யாழ்ப்பாணத்துக்காரர் யாரும் தோட்டத்துத் தமிழரான எங்களை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசிக்குப் பயந்து கதவடைத்தவர்களை நானே வீடு வீடாகப் போய் இழுத்து வந்தேன். மகனின் குதிகாலில் குத்தும்போது நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஆளைக் காணோம்.

கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, காலை இளவெயிலில் காலில் கிடத்தி வைத்திருப்பது எங்கள் லயத்து வழக்கம். நான் மகனை வாசலுக்கே கொண்டு போகவில்லை. ஜன்னலில் சாக்கை வைத்து அடித்தேன்.

"என்னடி, புள்ளைய இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிற?" என்றார் மாமியார்.

"டாக்டரம்மா சொல்லட்டும், அத்தை."

சாக்கு மூடிய அந்த அறைக்குள்ளேயே அவன் தவழ்ந்தான், எழுந்து நின்றான்.

கடைசியில், மாத்தளை டவுனில் அவர் கிளினிக் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னை மறக்கவில்லை. தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"பெயரெல்லாத்தையும் எடுத்துப்போட்டுத்தான் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு அனுப்பினது, அம்மா. அதுதான் விதி. எது உங்கட மகன்ர எண்டு எங்களுக்கே தெரியாது."

"இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும். சொல்லியிருந்தா நீங்கள் தந்திருக்க மாட்டியள்."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மகனுக்கு அந்த நோய் இல்லை. பயந்து பயந்து வெயிலில் விட்டு, நாங்களாகத்தான் அதைக் கண்டுகொண்டோம். ஆனால் அதற்குள், வெயில் காணாத அவன் கால்கள் இரண்டும் வளைந்துவிட்டன. இன்றும் அவன் எனக்கு முன்னால் படி இறங்கினால், அந்தக் கால்களைப் பார்த்து 'எங்கட சனம்' என்ற அந்த வாயைத்தான் சபிக்கிறேன்.